பதினாறு ராஜாக்களின் குரூப் போட்டோ

ஆபீஸில் யாராவது ரிட்டயர் ஆனால் குரூப் போட்டோ எடுப்பது வழக்கம். நடுவில் மாலையும் சால்வையுமாக ரிட்டயர் ஆகிறவர். பக்கத்தில் அந்த நாற்காலிக்கு வரப்போகிறவர், சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்ளக் கூடாதே என்ற கஷ்டத்தோடு. பின் வரிசையில் எட்டிப் பார்க்கும் தலைகள். பத்து வருஷம் கழித்து அதே படத்தைப் பார்த்தால் பாதிப் பேரை 'இது யாரு?' என்று கேட்க வேண்டியிருக்கும்.

அப்படியொரு குரூப் போட்டோ பற்றித்தான் சொல்லப்போகிறேன். எடுத்த வருஷம் கி.பி. 776. காமெராவுக்குப் பதில் உளி. இடம், மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ் நாட்டின் மேற்குக் கோடி. குவாதமாலா எல்லைக்குப் பக்கத்தில் கோப்பான் என்கிற மாயா நகரம். அங்கே உயரமான ஒரு கோயிலின் படிக்கட்டு அடியில் சதுரமான கல் மேடை ஒன்று கிடைத்தது. ஏறத்தாழ ஆறடிக்கு ஆறடி, நாலடி உயரம். ஆராய்ச்சியாளர்கள் அதற்கு 'க்யூ பலிபீடம்' என்று பெயர் வைத்தார்கள். அது பலிபீடமே இல்லை, ராஜா உட்காரும் ஆசனம் என்று சொல்கிறவர்களும் உண்டு. பேர் வைத்தாயிற்று, விடுங்கள்.

அந்தக் கல்லின் நாலு பக்கமும், பக்கத்துக்கு நாலு பேராகப் பதினாறு பேர் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் தலையிலும் ஏதோ ஒரு பெரிய முண்டாசு. பெரும்பாலோர் உட்கார்ந்திருப்பது தங்கள் பெயரின் மேலேயே. மாயா எழுத்துக்கள் குட்டிக் குட்டிப் படங்களாக இருக்குமல்லவா, அதையே மணைப்பலகையாகப் போட்டுவிட்டார்கள். போட்டோவின் அடியில் பெயர் அச்சடிப்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை.

முன் பக்கத்தில்தான் விசேஷம். நடுவில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக. ஒருத்தர் கண்ணைச் சுற்றி இரண்டு பெரிய வட்டம். அசப்பில் கூலிங் கிளாஸ். அவர் கையில் ஒரு கோல். அதை எதிரே இருப்பவரிடம் நீட்டுகிறார். சார்ஜ் ஹாண்ட் ஓவர்! கூலிங் கிளாஸ்காரர் இந்த ராஜ வம்சத்தின் முதல் ஆள், யாஷ் குக் மோ. வாங்கிக்கொள்கிறவர் பதினாறாவது ராஜா, யாஷ் பசா. கல்லைச் செதுக்கச் சொன்னதும் அவர்தான். இரண்டு பேருக்கும் நடுவே உள்ள தூரம் கல்லில் அரை அடி இருக்கலாம். காலத்தில் முந்நூற்றைம்பது வருஷம்.

அதாவது, நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது யாரோ ஒரு மாமா சிபாரிசில் அல்ல, ஸ்தாபகரே கையில் கொடுத்தார் என்று ஊருக்குச் சொல்கிறார் பதினாறாமவர். இப்படி அழுத்திச் சொல்ல வேண்டி வந்தால் அங்கே ஏதோ சங்கடம் இருக்கிறது என்பது ஆபீஸில் நாலு வருஷம் வேலை பார்த்த யாருக்கும் தெரியும். இருந்தது. அதற்கு வருகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைச் சுத்தம் செய்துவிடலாம். மாயா என்றவுடன் 2012 டிசம்பர் 21-ல் உலகம் அழியப்போகிறது என்று பயமுறுத்தினார்களே, அது ஞாபகம் வரும். அன்று அவர்கள் காலண்டரில் ஒரு பெரிய சுற்று முடிந்து அடுத்த சுற்று ஆரம்பித்தது. அவ்வளவுதான். கார் மீட்டரில் ஒன்பதுகள் முடிந்து சைபர்கள் வருகிற மாதிரி. இன்னொன்று, நம்ம ஊர் 'மயன்' தான் அங்கே போய்க் கட்டினான் என்று பேர் ஒற்றுமையை வைத்துக் கதை விடுவார்கள். நம்பாதீர்கள். அப்புறம், மாயா மக்கள் 'மறைந்துபோன இனம்' என்று எழுதுவதும் தப்பு. குவாதமாலாவிலும் மெக்சிகோவிலும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். கோப்பானைச் சுற்றி இன்றும் வாழ்கிற சோர்த்தி மக்கள் அவர்களில் ஒரு பிரிவு. மறைந்தது ராஜாக்கள்தான்.

கோப்பானை வெளி உலகத்துக்குப் பிரபலமாக்கியவர் ஜான் லாயிட் ஸ்டீபன்ஸ் என்கிற நியூயார்க் வக்கீல். அமெரிக்க அரசு அவரைத் தூதராக மத்திய அமெரிக்காவுக்கு அனுப்பியது. அங்கே உள்நாட்டுச் சண்டை; யாரிடம் போய்த் தூதுச் சான்றிதழைக் கொடுப்பது என்றே தெரியாத நிலைமை. ஆசாமி அந்த ஓய்வு நேரத்தில் இடிபாடுகளைத் தேடிக் கிளம்பிவிட்டார். கூட ஃபிரெடரிக் கேதர்வுட் என்ற ஆங்கிலேய ஓவியர். 1839 நவம்பரில் கோப்பான் வந்து சேர்ந்தார்கள். மரமும் கொடியும் மூடிய காட்டுக்குள் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு கல் தூண்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மனுஷன், தலை முதல் கால் வரை நகையும் இறகுமாக.

நிலத்துக்காரர் சந்தேகப்பட்டார். ஸ்டீபன்ஸ் பெட்டியைத் திறந்து, கழுகு முத்திரைப் பொத்தான்கள் பளபளக்கும் தூதர் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். கீழே முழங்கால் வரை சேறு அப்பிய வெள்ளை பாண்ட், மேலே மழையில் நனைந்த தொப்பி. கோட்டைப் பார்த்து நிலத்துக்காரர் மயங்கிவிட்டார். பேரம் முடிந்தது. விலை 50 டாலர். ஒரு முழு நகரத்துக்கு! விற்றவர் இவரைச் சுத்த முட்டாள் என்று நினைத்தாராம். அதை ஸ்டீபன்ஸே எழுதியிருக்கிறார். கேதர்வுட் பாவம், சேற்றில் கால் புதைய, கொசுவுக்குப் பயந்து கையுறை மாட்டிக்கொண்டு படம் வரைந்தார். 1841-ல் புத்தகம் வெளிவந்து சக்கைப்போடு போட்டது. இந்தக் கற்களில் இந்த ஊர்ச் சரித்திரம்தான் எழுதியிருக்கிறது என்று ஸ்டீபன்ஸ் அடித்துச் சொன்னார். ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாமல் சொன்னது. அதுதான் சரி என்று நிரூபணமாக நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

நடுவில் பெரிய பெரிய பண்டிதர்கள் வந்து, மாயாக்காரர்கள் சண்டை சச்சரவே தெரியாத ஞானிகள், நட்சத்திரம் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது, கல்லில் எழுதியிருப்பதெல்லாம் காலண்டர் கணக்கு என்று சாதித்தார்கள். தேதிகளைப் படிக்க முடிந்தது. மற்றதைப் படிக்க முடியவில்லை. படிக்க முடிந்ததுதான் விஷயம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நம்ம குரூப் போட்டோவைப் பார்த்து என்ன சொன்னார்கள் தெரியுமா? வானசாஸ்திரிகள் மாநாடு! பதினாறு பேர் பல ஊர்களிலிருந்து வந்து காலண்டரைத் திருத்த உட்கார்ந்திருக்கிறார்களாம். ராஜாக்கள் கமிட்டி மெம்பர்கள் ஆனார்கள்.

இந்தக் கூத்தை முடித்தது இரண்டு பேர். யூரி நோரோசோவ் என்ற ரஷ்யர் 1952-ல் இந்தப் படங்களில் பல, உச்சரிக்கும் அசைகள் என்று காட்டினார். அப்போது அவர் மாயா தேசத்தில் காலே வைத்ததில்லை, லெனின்கிராடில் உட்கார்ந்தபடியே செய்தார். (எனக்கு இது பெரிய ஆறுதல். நானும் கோப்பான் போனதில்லை.) அடுத்து, டட்டியானா ப்ராஸ்கூரியாகாஃப் என்ற பெண்மணி 1960-ல் வேறொரு மாயா நகரத்தின் தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தார். ஒவ்வொரு தொகுதியும் ஒரு மனுஷ ஆயுசுக்குள் அடங்கியது. பிறந்தது, பட்டமேற்றது, ஜெயித்தது. நட்சத்திரக் கணக்கு அல்ல, சர்வீஸ் ரிஜிஸ்தர்!

அதற்கப்புறம் கோப்பானின் பதினாறு பேருக்கும் ஒவ்வொன்றாகப் பெயர் கிடைத்தது. யாஷ் குக் மோ கி.பி. 426-ல் வேறெங்கேயோ அதிகாரச் சின்னத்தை வாங்கிக்கொண்டு, நூற்றைம்பது நாள் போல கழித்துக் கோப்பானுக்கு 'வந்து சேர்ந்தார்' என்கிறது குரூப் போட்டோக் கல்லின் மேல்பக்கம். ஆக, வெளியூர் ஆள்.

இங்கேதான் சந்தேகம் வந்தது. எழுதியது யார்? முந்நூற்றைம்பது வருஷம் கழித்து வந்த பதினாறாமவர். ஸ்தாபகர் காலத்துக் கல் ஒன்றும் அப்போது கைவசம் இல்லை. எந்த வம்சத்தைக் கேட்டாலும் முதல் ஆள் எங்கிருந்தோ கோலோடு வந்த மகாபுருஷராகத்தான் இருப்பார். இந்தக் கூலிங் கிளாஸ்காரரும் கற்பனையாக இருந்தால்? பட்டத்தில் உறுதியில்லாத ஒரு ராஜா தனக்கு வேண்டியபடி ஒரு தாத்தாவைத் தயார் செய்துகொண்டிருந்தால்? பல அறிஞர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். நியாயமான சந்தேகம்.

பதில் கல்லில் இல்லை. மண்ணுக்குள் இருந்தது.

மாயாக்காரர்களுக்கு ஒரு பழக்கம். புதுக் கோயில் கட்ட வேண்டுமென்றால் பழைய கோயிலைத் தரைமட்டம் ஆக்கிவிட்டு இன்னொரு இடம் தேடுவதில்லை. மேல்பகுதியை உடைத்து, உள்ளே மண்ணும் கல்லும் நிரப்பி, அதன் தலைமேலேயே புதுசு கட்டுவார்கள். அடுத்த ராஜா அதன் மேல். நானூறு வருஷத்தில் அது ஒரு குன்று ஆகிவிடும். கோப்பானின் நடுவில் இருப்பது அப்படியொரு செயற்கைக் குன்று. நகரம் கைவிடப்பட்ட பிறகு கோப்பான் ஆறு திசை மாறி வந்து இந்தக் குன்றின் கிழக்குப் பக்கத்தைக் கேக் வெட்டுகிற மாதிரி செங்குத்தாக வெட்டிக்கொண்டு போய்விட்டது. கட்டடங்கள் போனது நஷ்டம்தான். ஆனால் வெட்டிய இடத்தில் அடுக்கடுக்காகப் பழைய தரைகள், சுவர்கள், சாக்கடைகள் எல்லாம் வெளியே தெரிந்தன. 1930களில் அமெரிக்காவின் கார்னகி நிறுவனத்தார் ஆற்றைத் திருப்பிவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றினார்கள்.

1980களின் கடைசியிலிருந்து இந்தக் குன்றுக்குள் எலி வளை மாதிரி சுரங்கம் தோண்ட ஆரம்பித்தார்கள். வில்லியம் ஃபாஷ், ராபர்ட் ஷேரர், ஹோண்டுராஸைச் சேர்ந்த ரிக்கார்டோ அகுர்சியா ஆகியோரின் குழுக்கள். எல்லாம் சேர்த்தால் சுரங்கத்தின் நீளம் சில கிலோமீட்டர். மேலே இருக்கிற கோயிலை அசைக்காமல் உள்ளே இருப்பதைப் பார்க்க வேறு வழியில்லை. குனிந்துகொண்டு, பல்ப் வெளிச்சத்தில், வியர்த்துக் கொட்டக் கொட்ட வேலை. ஏசி ரூமில் ஃபைல் பார்க்கிற நாம் பாக்கியசாலிகள்.

1989 ஜூனில் அகுர்சியா சுவரில் ஒரு சிவப்பைப் பார்த்தார். தோண்டத் தோண்டச் சிவப்பு. ஒரு முழுக் கோயில்! மூன்று தட்டு, சுமார் 13 மீட்டர் உயரம், சுவர் பூராவும் சுண்ணச் சாந்தில் செய்த தெய்வ முகங்களும் பறவைகளும், வர்ணத்தோடு. பத்தாவது ராஜா காலத்தில், கி.பி. 571 வாக்கில் கட்டியது. இதற்கு ரோசலீலா என்று பெயர் வைத்தார்கள். மற்ற கோயில்களை உடைத்துப் புதைத்தவர்கள் இதை மட்டும் உடைக்கவில்லை. அறைகளில் மெதுவாக மண் நிரப்பி, சிற்பங்களுக்கு மேலே வெள்ளைச் சாந்து பூசி, ஒரு பெரியவரை அடக்கம் செய்கிற மாதிரி மரியாதையோடு மூடியிருக்கிறார்கள். அதன் முழு அளவு நகல் ஒன்றை 1996-ல் திறந்த கோப்பான் சிற்ப மியூசியத்தின் நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள். போட்டோவில் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, கண்ணைப் பறிக்கிற சிவப்பு.

ஏன் அதற்கு மட்டும் அத்தனை மரியாதை? அதன் நெற்றியில் இருந்த பறவைகள் பதில் சொல்லின. யாஷ் குக் மோ என்ற பெயரில் 'குக்' என்றால் கெட்சால் பறவை, 'மோ' என்றால் மக்காவ் என்கிற பஞ்சவர்ணக்கிளி. கோயில் சுவரிலேயே ஸ்தாபகரின் பெயரைப் பறவையாகச் செய்து வைத்திருந்தார்கள். பதினாறாமவருக்கு இருநூறு வருஷம் முன்பே.

ஷேரர் குழு இன்னும் கீழே போனது. ரோசலீலாவுக்கு அடியில் இன்னொன்று, அதற்கு அடியில் இன்னொன்று. எல்லாவற்றுக்கும் அடியில், 1990களில், ஹூனால் என்று பெயரிட்ட ஒரு சின்னக் கட்டடம். அதன் தரைக்குக் கீழே ஒரு அறை. கல் பலகையின் மேல் ஒரு கிழவரின் எலும்புக்கூடு.

வயது ஐம்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். முன் பற்களில் பச்சைக் கல் பதித்திருந்தது. உடம்பைப் பார்த்தால் சாதுவாக வாழ்ந்த ஆள் மாதிரித் தெரியவில்லை. பல இடத்தில் பழைய அடி. முக்கியமாக, வலது முன்கை முறிந்து சரியாகக் கூடாமல் இருந்தது. ஓங்கி வருகிற அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினால் அங்கேதான் முறியும். இதைப் பார்த்ததும் எல்லோரும் மேலே போய் குரூப் போட்டோவை மறுபடி பார்த்தார்கள். கூலிங் கிளாஸ்காரரின் வலது முன்கையில் ஒரு சின்னக் கேடயம் கட்டியிருக்கிறது!

எனக்குப் புல்லரித்த இடம் இதுதான். முந்நூற்றைம்பது வருஷத்துக்கு அப்புறம் செதுக்கிய சிற்பிக்கு, தாத்தாவின் எந்தக் கை என்று தெரிந்திருக்கிறது.

இருந்தாலும் பெயர்ப் பலகை எதுவும் இல்லாத எலும்பு. வேறு சாட்சி வேண்டும். பல்லைக் கேட்டார்கள். பல்லின் எனாமல் சின்ன வயசில் உருவானதோடு சரி, அப்புறம் மாறாது. குடித்த தண்ணீரிலும் தின்ற சோளத்திலும் இருந்து ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமம் அதில் துளித்துளியாகச் சேர்ந்திருக்கும். அதில் லேசு ரகம், கனத்த ரகம் உண்டு. எது எவ்வளவு என்பது அந்த ஊர்ப் பாறையைப் பொறுத்தது. ஊருக்கு ஊர் வேறு. ஆகவே பல்லை அளந்தால் ஆள் எங்கே வளர்ந்தார் என்று சொல்லலாம். பர்த் சர்டிபிகேட்டில் தில்லுமுல்லு பண்ணலாம், பல்லில் பண்ண முடியாது.

ஹூனால் கிழவரின் பல் கோப்பான் பல் இல்லை. வடக்கே தாழ்நிலக் காட்டுப் பிரதேசத்தில் வளர்ந்தவர். பின்னால் வந்த ஆய்வுகள், இன்றைய பெலீஸ் நாட்டில் உள்ள கரகோல் என்ற மாயா நகரத்தைக் கை காட்டின. அதே சமயம் டேவிட் ஸ்டூவர்ட் என்ற எழுத்து நிபுணர் கோப்பான் கல்வெட்டு ஒன்றில் ஸ்தாபகரின் பட்டங்களில் ஒன்றைப் படித்தார்: 'மூன்று மலைத் தலைவர்'. மூன்று மலை என்பது கரகோலின் பழைய பெயர். கல்லும் பல்லும் ஒரே ஊரைச் சொல்கின்றன. 435-ம் வருஷத்தைக் கொண்டாடுகிற ஒரு வட்டக் கல்லும் 1990களில் இன்னொரு கட்டடத்துக்கு அடியில் கிடைத்தது. அதில் ஸ்தாபகரும் அவர் மகனும் எதிரெதிராக நிற்கிறார்கள். கற்பனைத் தாத்தா என்ற பேச்சு அதோடு அம்பேல்.

கூலிங் கிளாஸ் சமாசாரம்? அது மெக்சிகோவில், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த தியோதிவாகான் என்ற மகா நகரத்தின் ஸ்டைல். அந்தக் காலத்து வல்லரசு அது. அவர்களுடைய மழை தெய்வத்துக்கு இப்படி வட்டக் கண். பல்லின்படி மனுஷர் அங்கே பிறந்தவர் இல்லை. ஆனால் அந்த ஊர் செல்வாக்கோடு, அந்த ஊர் டிரெஸ்ஸோடு வந்து இறங்கியிருக்கிறார். வெளிநாட்டு ரிட்டர்னுக்கு என்றைக்குமே மவுசுதான்.

வந்தவர் உள்ளூரில் பெண் எடுத்தார். அப்படித்தான் தெரிகிறது. ஹூனாலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கல்லறை. உள்ளே ஒரு வயதான அம்மாள். பல் இந்த ஊர்ப் பல். மாயா பெண்களுக்குக் கிடைத்த கல்லறைகளில் இவ்வளவு செல்வத்தோடு கிடைத்தவை மிகக் குறைவு. எலும்பு பூராவும் சிந்தூரச் சிவப்பு. அது பாதரசம் கலந்த விஷப்பொடி என்பதால் உள்ளே போனவர்கள் முகமூடியும் உறையுமாகப் போக வேண்டியிருந்தது. ஸ்தாபகரின் ராணி, இரண்டாவது ராஜாவின் அம்மா என்பது ஆராய்ச்சியாளர்கள் முடிவு. அடக்கம் செய்த பிறகும் பல காலம் படி இறங்கி வந்து பார்க்க வழி விட்டிருந்தார்கள். கவனியுங்கள், வீட்டுக்காரரைவிட அம்மாள் கல்லறைதான் ஆடம்பரம். குரூப் போட்டோவில் அவருக்கு இடமில்லை.

போட்டோவுக்கு முன்னோடியும் ஒன்று கிடைத்தது. அறுபத்தேழு வருஷம் ஆண்ட பன்னிரண்டாவது ராஜா 695-ல் இறந்தார். அவருடைய கல்லறையை 1989-ல் கண்டுபிடித்தபோது வாசலில் பன்னிரண்டு களிமண் மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சாம்பிராணி போடும் பாத்திரங்களின் மூடிகள். ஒருத்தர் கண்ணில் கூலிங் கிளாஸ்! பதினாறாமவர் தன் பங்குக்குக் கல் மேடைக்குப் பின்னால் ஒரு குழியில் ஜாகுவார் முதலான பெரும்பூனைகளைப் பலியிட்டுப் புதைத்திருக்கிறார். எண்ணிக்கை பதினைந்து. முன்னோர் ஆளுக்கு ஒன்று.

சரி, பதினாறாமவருக்கு என்ன சங்கடம் என்று சொல்கிறேன் என்றேனே.

பதின்மூன்றாவது ராஜாவின் பெயர் வஷக்லாஹூன் உபாஹ் காவீல். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். பழைய ஆராய்ச்சியாளர்கள் எழுத்தைத் தப்பாகப் படித்து 'பதினெட்டு முயல்' என்று பெயர் வைத்தார்கள். தப்பு என்று தெரிந்த பிறகும் செல்லப் பெயராக நின்றுவிட்டது. நாமும் முயல் என்றே சொல்லலாம். 695-ல் பட்டத்துக்கு வந்தவர். கலா ரசிகர். மற்ற ஊர்களில் கல்லில் கோடு கோடாகக் கீறிக்கொண்டிருந்தபோது இவருடைய சிற்பிகள் உருவத்தைக் கல்லிலிருந்து வெளியே இழுத்தே விட்டார்கள். ஸ்டீபன்ஸும் கேதர்வுட்டும் பார்த்து வாய் பிளந்த தூண்களில் பல இவருடையவை.

இவருக்குக் கீழே கிரிகுவா என்று ஒரு சின்ன ஊர். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, பச்சைக் கல் வியாபாரம் நடக்கும் மோட்டாகுவா ஆற்றுப் படுகையில். 724 டிசம்பரில் காக் டிலீவ் என்பவரை அங்கே சிற்றரசராக உட்கார வைத்தார் முயல். கிளை மானேஜர் போஸ்டிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்று வருஷம் காக் டிலீவ் தலையாட்டிக்கொண்டிருந்தார். நடுவில், 736-ல், வடக்கே இருந்த காலக்முல் என்ற பெரிய மாயா அரசோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டதாகக் கிரிகுவா கல்வெட்டு ஒன்று சொல்கிறது. போட்டிக் கம்பெனியில் பேச்சுவார்த்தை!

738 ஜனவரியில் முயல் ஒரு புதுப் பந்து மைதானத்தைத் திறந்து வைத்தார். ரப்பர் பந்தை இடுப்பால் அடித்து ஆடுகிற ஆட்டம். இரண்டு சாய்வுச் சுவர்கள், சுவர் மேல் கல்லில் கிளித் தலைகள். வெகு அழகான மைதானம். திறந்து நாலு மாசம் ஆவதற்குள், மே 3-ந் தேதி, காக் டிலீவ் தன் எஜமானரைப் பிடித்துத் தலையை வெட்டிவிட்டார்.

கிரிகுவா இதைப் பல கல்லில் எழுதி வைத்துக் கொண்டாடியது. தேதியோடு. வெட்டப்பட்டார் என்ற வார்த்தையோடு. அதன் பிறகு அந்தச் சின்ன ஊர் கோப்பானைப் பார்த்துக் காப்பியடித்துப் பெரிய சதுக்கம் கட்டிக்கொண்டது. 771-ல் முப்பத்தைந்து அடியில், அறுபது டன்னுக்கு மேல் கனமான தூண் ஒன்றை நிறுத்தியது. மாயாக்காரர்கள் நட்ட தூண்களில் இதுவே பெரியது. ஜெயித்த பிறகும் பழைய மானேஜரின் ரூமைவிடப் பெரிய ரூம் வேண்டியிருக்கிறது பாருங்கள்.

கோப்பான் என்ன எழுதியது? பதினேழு பதினெட்டு வருஷத்துக்குத் தூண் எதுவும் நடவில்லை. பதினான்காமவர் காலத்தில், 746-ல், சுவரில் பாய் பின்னல் அலங்காரத்தோடு ஒரு கட்டடம் எழுந்தது. பாய் என்றால் அவர்களுக்கு சபை. பெரிய மனுஷர்களைக் கூப்பிட்டுக் கலந்து பேசும் மண்டபம் அது என்கிறார்கள். தனியாக அதட்ட முடியாத ராஜா கமிட்டி போட்டுவிட்டார்.

பதினைந்தாமவர் துணிந்து இறங்கினார். முயல் ஆரம்பித்திருந்த ஒரு படிக்கட்டை 755 வாக்கில் பெரிதாக நீட்டினார். அறுபதுக்கு மேல் படிகள். ஒவ்வொரு படியின் முகத்திலும் எழுத்து. மொத்தம் சுமார் 2,200 எழுத்துப் படங்கள். மாயா உலகத்திலேயே நீளமான கல்வெட்டு. ஸ்தாபகரிலிருந்து வம்சத்தின் முழுக் கதை. உச்சியில் இருந்த கோயிலில் மாயா எழுத்துக்குப் பக்கத்திலேயே தியோதிவாகான் பாணியில் வேறு எழுத்து மாதிரி ஒன்றைச் செதுக்கியிருந்தார்கள். நிஜ எழுத்து இல்லை, பந்தா! முயல் இறந்ததைப் பற்றியும் அந்தப் படிக்கட்டில் இருக்கிறது. தலை போனதைப் பற்றி மூச்சு இல்லை. 'அவருடைய கத்தி, அவருடைய கேடயம்' என்கிற சொல்லோடு, போர்க்களத்தில் உயிர் விட்டார் என்று முடித்துக்கொண்டார்கள். ஒரே சாவு, இரண்டு ஊரில் இரண்டு ரிப்போர்ட். கிரிகுவாக்காரன் எழுதியது உண்மை என்றாலும், எனக்கென்னவோ கோப்பானின் வாக்கியத்தின் மேல்தான் பரிதாபம் வருகிறது. பதினேழு வருஷம் யோசித்து எழுதியது அது.

இவ்வளவு பெருமையாகக் கட்டிய படிக்கட்டின் உள்பக்கம் என்ன தெரியுமா? பிடிப்பே இல்லாமல் கொட்டிய கல்லும் மண்ணும். காண்ட்ராக்ட் வேலை! பிற்காலத்தில் மேல் பகுதி சரிந்து, கீழ்ப் பதினைந்து படி மாதிரிதான் இடத்தில் நின்றது. 1930களில் வந்தவர்கள் விழுந்த கற்களைத் திரும்ப அடுக்கினார்கள். படிக்கத் தெரியாத காலம். எந்தக் கல் எங்கே என்று தெரியாமல் கைக்கு வந்தபடி வைத்துவிட்டார்கள். நல்ல எண்ணத்தில் செய்த காரியம்தான். பக்கம் கலைந்த நாவல் மாதிரி ஆகிவிட்டது. இன்று பழைய போட்டோக்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றிய முப்பரிமாணப் படங்களையும் வைத்துக்கொண்டு வரிசையைத் தேடுகிறார்கள்.

இந்த நிலைமையில் 763-ல் பட்டத்துக்கு வந்தவர்தான் பதினாறாமவர் யாஷ் பசா. அவருடைய அம்மா தூரத்துப் பலெங்கே நகரத்துப் பெண். அவரே எந்த வழியில் வாரிசு என்பது தெளிவில்லை. ஊருக்கு ஒரு தலைகுனிவு. பிரபுக்கள் ஆளுக்கொரு மாளிகை கட்டி, ஆளுக்கொரு கல்வெட்டு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அந்தக் கல் மேடை. வைத்த இடத்தைக் கவனிக்க வேண்டும். நேர் பின்னால் இருக்கும் கோயிலுக்கு அடியில் ரோசலீலா, அதற்கு அடியில் ஹூனால், அதற்கு அடியில் கை முறிந்த கிழவர். யாரும் உள்ளே போய்ப் பார்க்க வழியில்லாத காலத்திலும் யாஷ் பசாவுக்கு விலாசம் தெரிந்திருக்கிறது. மற்ற விஷயத்தில் எப்படியோ, தாத்தா விஷயத்தில் அவர் டபாய்க்கவில்லை.

போட்டோ உதவவில்லை. பள்ளத்தாக்கில் நல்ல வயலெல்லாம் வீடுகளாகிவிட்டது, மலைச் சரிவில் மண் அரித்தது, வறட்சி என்று பல காரணம் சொல்கிறார்கள்; எது எவ்வளவு என்பதில் சண்டை இருக்கிறது. கடைசிக் காலத்து எலும்புகளில் சத்துக் குறைவின் தழும்புகள் நிறைய. யாஷ் பசா 820 வாக்கில் போய்ச் சேர்ந்தார். அவர் கல்லறை என்று கருதப்படும் அறையைப் பழங்காலத்திலேயே காலி செய்துவிட்டார்கள்.

இன்று ஹோண்டுராஸின் ஒரு லெம்பீரா நோட்டின் பின்பக்கத்தில் இருப்பது முயலின் பந்து மைதானம். எல்லை தாண்டினால் குவாதமாலாவின் பத்து செண்டாவோ நாணயத்தில் கிரிகுவாவின் தூண். இரண்டு ஊர்ச் சண்டை இன்னும் சட்டைப்பைக்குள் இருக்கிறது.

கோப்பானில் இன்னொரு கல் உண்டு. 'எல் பலிபீடம்' என்று பெயர். கி.பி. 822. உகித் தோக் என்று ஒருவர் தானும் ராஜா என்று சொல்லிக்கொண்டு, குரூப் போட்டோக் கல் மாதிரியே தனக்கும் ஒன்று வேண்டும் என்று ஆர்டர் கொடுத்திருக்கிறார். ஒரு பக்கம் முடிந்திருக்கிறது. யாஷ் பசா எதிரே உட்கார்ந்து இவருக்குச் சார்ஜ் கொடுக்கிறார். இன்னொரு பக்கத்தில் உருவங்களை ஆரம்பித்து, பாதியில் நின்றுவிட்டது. மற்ற இரண்டு பக்கமும் வெறும் கல். அதற்கப்புறம் கோப்பானில் எந்த ராஜாவின் பெயரும் எங்கும் இல்லை.

உளியைக் கீழே வைத்துவிட்டுப் போன அந்தச் சிற்பியைப் பற்றித்தான் எனக்கு யோசனை. ஒரு பக்கத்துக்காவது கூலி கொடுத்திருப்பார்களா?